சார்பும் தொடர்வரிசையும்: சூத்திரம் தெரிந்தும் கணக்கு தப்புவது ஏன்?

"நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். சமன்பாடு, விகிதம், சதவீதம் எல்லாம் ஓரளவு வருகிறது. சார்பு, தொடர்வரிசை என்று வந்தால் மட்டும் சூத்திரம் மனப்பாடமாக இருந்தும் விடை தப்பாகிறது. சில கணக்குகளில் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எப்படிப் படித்தால் சரியாகும்?" இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கோளாறு சூத்திரத்தில் இல்லை, குறியீட்டை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது.

பள்ளியில் சார்பு ஓர் அத்தியாயம், தொடர்வரிசை இன்னோர் அத்தியாயம். அதனால் இரண்டும் வேறு வேறு என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. சார்பு என்பது ஓர் எண்ணை உள்ளே வாங்கி, ஒரு விதிப்படி ஓர் எண்ணை வெளியே தருவது. உண்மையில் தொடர்வரிசை என்பது 1, 2, 3 என்ற இயல் எண்களை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளும் ஒரு சார்பு. "ஏழாவது உறுப்பு என்ன?" என்று கேட்பதும் "7 உள்ளே போனால் என்ன வெளியே வரும்?" என்று கேட்பதும் ஒரே கேள்வி. இது மனதில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கணக்குகள் இளகிவிடும். கீழே அதைத்தான் பல வழிகளில் காட்டப் போகிறேன்.

எழுத வசதியாக, சார்பை ச என்றும், உள்ளே போகும் எண்ணை க என்றும் வைத்துக்கொள்கிறேன். ஆக, ச(க) என்றால் க உள்ளே போய் வெளியே வரும் மதிப்பு. தொடர்வரிசையின் உறுப்புகளை உ(1), உ(2) என்றும், பொதுவாக ந ஆவது உறுப்பை உ(ந) என்றும் எழுதுகிறேன்.

முதல் பழக்கம்: சார்பைப் பார்த்ததும் க என்ற எழுத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் வெற்றுப் பெட்டி வரையுங்கள். ச(க) = க² − 3க என்றால் ச(□) = □² − 3□. பெட்டிக்குள் எது வந்தாலும் எல்லாப் பெட்டிக்குள்ளும் அதுவே போக வேண்டும், அடைப்புக்குறியோடு. இப்போது ச(க + 2) − ச(க) எவ்வளவு என்று கேட்டால்:

ச(க + 2) = (க + 2)² − 3(க + 2) = க² + 4க + 4 − 3க − 6 = க² + க − 2

இதிலிருந்து க² − 3க ஐக் கழித்தால் 4க − 2. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் இதில் இரண்டு இடங்களில் சறுக்கல் நடக்கும். ச(க + 2) என்பதை ச(க) + 2 என்று எடுத்துக்கொள்வது ஒன்று. கழிக்கும்போது −3க வெளியே வந்து +3க ஆக மாற மறந்துவிடுவது இன்னொன்று. தேர்வு வைப்பவர்களுக்கு இவ்விரண்டும் நன்றாகத் தெரியும். இந்தத் தவறுகளால் வரும் விடைகளும் நான்கைந்து தெரிவுகளில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கண்டுபிடித்த விடை தெரிவுகளில் இருக்கிறது என்பதாலேயே அது சரி என்று நம்பிவிடக் கூடாது.

பெட்டியைச் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று சோதிக்க ஒரு கணக்கு. ச(2க − 1) = 6க + 4 என்றால் ச(7) எவ்வளவு? அவசரத்தில் க = 7 என்று போட்டு 46 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பெட்டிக்குள் இருப்பது க இல்லை, 2க − 1. அது 7 ஆக வேண்டும், அப்படியென்றால் க = 4. எனவே ச(7) = 6 × 4 + 4 = 28. சார்பு முழுவதையும் கண்டுபிடித்துவிட்டு 7ஐப் போடலாம்தான், ஆனால் தேவையில்லாத வேலை. கேட்டது ஒரு மதிப்பு, அதற்கு வேண்டிய அளவு மட்டும் செய்தால் போதும்.

நேர்மாறு சார்பிலும் இதே சிக்கனம் உதவும். ச(க) = க³ + 2க − 5 என்று கொடுத்து, இதன் நேர்மாறுச் சார்பில் 7க்கு என்ன மதிப்பு என்று கேட்டால், நேர்மாறுக்குச் சூத்திரம் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். நேர்மாறு கேட்பது இதைத்தான்: எதை உள்ளே போட்டால் 7 வெளியே வரும்? க³ + 2க = 12. கண்ணால் பார்த்தாலே க = 2 தெரிகிறது. விடை 2.

சேர்ப்புச் சார்பில், அதாவது ஒன்றின் வெளியீடு இன்னொன்றுக்குள் போகும் கணக்கில், பெரும்பாலும் எல்லாருக்கும் இயற்கணிதம் சரியாக வரும், மதிப்பகத்தில் தவறும். உள்ளே போக அனுமதிக்கப்பட்ட எண்களின் கூட்டம்தான் மதிப்பகம். ஓர் உதாரணம்: ச(க) = √(க − 2), த(க) = 11 − க². த(ச(க)) அடையக்கூடிய மிகப் பெரிய மதிப்பு என்ன? பெட்டிக்குள் √(க − 2) போகிறது, வர்க்கம் செய்தால் க − 2, எனவே 11 − (க − 2) = 13 − க. இதைப் பார்த்தவுடன் "க எவ்வளவு சிறிதாகவும் இருக்கலாமே, அப்படியானால் மிகப் பெரிய மதிப்பே கிடையாது" என்று தோன்றும். ஆனால் முதலில் க நுழைவது வர்க்கமூலத்துக்குள். அங்கே க − 2 எதிரெண்ணாக இருக்க முடியாது. க குறைந்தது 2. ஆகவே மிகப் பெரிய மதிப்பு 11. சுருக்கியதும் வர்க்கமூலம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது, ஆனால் அது போட்ட நிபந்தனை அங்கேயே இருக்கிறது. அதனால், சுருக்குவதற்கு முன்பே பக்கத்தில் "க ≥ 2" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிகூட ஆகாது. சார்புக் கணக்குகளில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரியாது.

சரி, சார்பின் சூத்திரமே கொடுக்காமல் ஓர் உறவை மட்டும் கொடுத்தால்? ச(க) + 2ச(10 − க) = 3க, எல்லா க மதிப்புக்கும் பொருந்தும் என்கிறார்கள். ச(4) எவ்வளவு? முதல் முறை பார்ப்பவருக்கு இது மிரட்டலாகத் தெரியும். "எல்லா க மதிப்புக்கும்" என்ற சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு அர்த்தம், எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது என்பது. க = 4 போட்டால் ச(4) + 2ச(6) = 12. இதில் ச(6) என்று ஒரு புதிய ஆள் வந்துவிட்டான். அவனையும் அழைக்க க = 6 போடுங்கள்: ச(6) + 2ச(4) = 18. இரண்டு தெரியாதவை, இரண்டு சமன்பாடுகள். இரண்டாவதை 2ஆல் பெருக்கி முதலாவதைக் கழித்தால் 3ச(4) = 24, ச(4) = 8. மிரட்டிய கணக்கு சாதாரண ஒருங்கமைச் சமன்பாடாக முடிந்தது.

இனி இரண்டு பாடங்களும் கைகோக்கும் இடம். ச(அ + ஆ) = ச(அ) + ச(ஆ) + அஆ என்பது எல்லா அ, ஆ மதிப்புகளுக்கும் பொருந்தும், ச(1) = 3. ச(10) எவ்வளவு? இங்கே ஆ = 1 என்று வைத்துப் பாருங்கள். ச(அ + 1) = ச(அ) + 3 + அ. இதை உற்றுப் பாருங்கள், இது ஒரு தொடர்வரிசை விதி! முந்தைய உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்குப் போக என்ன கூட்ட வேண்டும் என்று சொல்கிறது. ச(1) இலிருந்து ச(10) வரை ஒன்பது படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு 3 சேர்கிறது, கூடவே 1, 2, 3 என்று 9 வரை சேர்கிறது. ஆகவே ச(10) = 3 + 9 × 3 + (1 + 2 + … + 9) = 3 + 27 + 45 = 75. சார்பு என்று தொடங்கியது தொடர்வரிசையாக முடிந்தது. மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது இந்த இடத்தில் அவர்கள் முகத்தில் வரும் தெளிவைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் கூட்டுத் தொடர்வரிசை, அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது. முதல் உறுப்பு, பொது வித்தியாசம், ந ஆவது உறுப்பின் சூத்திரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது, அதை ஒரு நேர்கோடாகப் பாருங்கள் என்பதுதான். உ(7) = 23, உ(19) = 71 என்று கொடுத்து உ(100) கேட்டால், முதல் உறுப்பைத் தேடிப் போக வேண்டாம். 12 படிகளில் 48 ஏறியிருக்கிறது, படிக்கு 4. உ(19) இலிருந்து உ(100) வரை 81 படிகள். 71 + 81 × 4 = 395. நேர்கோட்டின் சாய்வு கண்டுபிடிப்பதும் இதுவும் ஒன்றே. சூத்திரத்தில் வரும் (ந − 1) ஏன் அங்கே இருக்கிறது என்பதும் இப்போது புரியும்: முதல் உறுப்பிலிருந்து ந ஆவது உறுப்புக்குப் போக (ந − 1) படிகள்தான். படிகளை எண்ணுகிறோமா, நிற்கும் இடங்களை எண்ணுகிறோமா என்ற குழப்பம்தான் "ஒன்று கூட, ஒன்று குறைய" என்று வரும் பிழைகளுக்கெல்லாம் காரணம். 7ஆல் வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை? 105 முதல் 994 வரை. இடைவெளி 889, படிகள் 127. கேட்டது எண்களின் எண்ணிக்கை, அதாவது நிற்கும் இடங்கள், எனவே 128.

கூடுதலைக் கொடுத்து உறுப்பைக் கேட்பது இன்னொரு வகை. முதல் ந உறுப்புகளின் கூடுதல் கூ(ந) = 2ந² + 5ந. பத்தாவது உறுப்பு? 250 என்று எழுதிவிடாதீர்கள், அது பத்து உறுப்புகளின் கூடுதல். பத்தாவது மட்டும் வேண்டுமென்றால் கூ(10) − கூ(9) = 250 − 207 = 43. இதே கணக்கில் கடைசியில் ஒரு +1 சேர்த்து, 2ந² + 5ந + 1 என்று கொடுத்தால் என்ன ஆகும்? கூ(1) = 8, கூ(2) = 19, கூ(3) = 34. உறுப்புகள் 8, 11, 15. வித்தியாசங்கள் 3, 4. அதன் பிறகு எல்லாம் 4 ஆகவே வரும், முதல் உறுப்பு மட்டும் ஒட்டாமல் நிற்கும். ஆக இது முழுமையான கூட்டுத் தொடர்வரிசை இல்லை. கூ(0) என்பது 0 ஆக வந்தால்தான் முதல் உறுப்பும் மற்றவற்றோடு சேரும். இந்த நுணுக்கத்தை வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

பெருக்குத் தொடர்வரிசையில், அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணால் (பொது விகிதத்தால்) பெருக்கிக்கொண்டே போவதில், நான் ஒரே ஓர் எச்சரிக்கைதான் சொல்வேன்: பொது விகிதம் எதிரெண்ணாகவும் இருக்கலாம். உ(2) = 6, உ(6) = 96 என்றால் விகிதத்தின் நான்காம் அடுக்கு 16, விகிதம் 2 அல்லது −2. உ(4) கேட்டால் எப்படிப் பார்த்தாலும் 24. உ(3) கேட்டால் 12 ஆகவும் இருக்கலாம், −12 ஆகவும் இருக்கலாம். ஜிஆர்இ (பட்ட மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) தேர்வில் இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்வியில் "உறவைத் தீர்மானிக்க முடியாது" என்ற தெரிவு இருப்பதும், ஜிமேட்டில் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) "கொடுத்த தகவல் போதுமா" என்று கேட்கும் வகை இருப்பதும் இப்படிப்பட்ட இடங்களைச் சோதிக்கத்தான். அடுத்தடுத்த மூன்று உறுப்புகளின் பெருக்கற்பலன் கொடுத்தால் மட்டும் நடு உறுப்பைப் பிடியுங்கள், ஏனென்றால் பெருக்கற்பலன் அதன் கனம்தான். பெருக்கற்பலன் 512, கூடுதல் 28 என்றால் நடு உறுப்பு 8, மற்ற இரண்டின் கூடுதல் 20, பெருக்கற்பலன் 64. அவை 4, 16.

எனக்கு மிகவும் பிடித்த வகையை இப்போது சொல்கிறேன். உ(1) = 2. அடுத்த உறுப்பு எப்போதும், முந்தையதில் 1 கழித்ததை முந்தையதோடு 1 கூட்டியதால் வகுத்தால் வருவது. அதாவது உ(ந + 1) = (உ(ந) − 1) ÷ (உ(ந) + 1). உ(2027) எவ்வளவு?

இரண்டாயிரம் உறுப்புகளை யாரும் எழுதப் போவதில்லை, கேட்பவருக்கும் அது தெரியும். பெரிய எண்ணைப் பார்த்தாலே "இங்கே ஏதோ சுழல்கிறது" என்று சந்தேகப்பட வேண்டும். பயப்படாமல் நான்கைந்து உறுப்புகளை எழுதுங்கள்: 2, 1/3, −1/2, −3, மறுபடியும் 2. நான்குக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. 2027ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, எனவே மூன்றாவது உறுப்பு, −1/2. மீதி 0 வந்தால் சுற்றின் கடைசி உறுப்பு, நான்காவது. அங்கே பலர் முதல் உறுப்பை எழுதிவிடுகிறார்கள். முதல் 100 உறுப்புகளின் பெருக்கற்பலன் கேட்டால், ஒரு சுற்றின் பெருக்கற்பலன் 1, இருபத்தைந்து சுற்றுக்கும் 1.

ஆனால் இது ஏன் சுழல்கிறது? தற்செயலா? ச(க) = (க − 1)/(க + 1) என்ற சார்பை எடுத்து, அதன் வெளியீட்டை அதற்குள்ளேயே மறுபடி அனுப்பிப் பாருங்கள். சுருக்கினால் ச(ச(க)) = −1/க என்று வரும். அதையே இன்னொரு முறை செய்தால் −1 ஐ −1/க ஆல் வகுக்க வேண்டும், விடை க. அதாவது நான்கு முறை அனுப்பினால் போட்ட எண்ணே திரும்பி வருகிறது. 2 இல் தொடங்கினாலும் 5 இல் தொடங்கினாலும் சுற்று நான்குதான் (0, 1, −1 மட்டும் விலக்கு, வழியில் பூச்சியத்தால் வகுக்க நேரும்). முந்தைய உறுப்பை மட்டும் வைத்து அடுத்ததைத் தரும் எந்தத் தொடர்வரிசையும் ஒரு சார்பை மீண்டும் மீண்டும் சேர்ப்பதுதான். சேர்ப்புச் சார்பு அத்தியாயமும் தொடர்வரிசை அத்தியாயமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

முதல் சில உறுப்புகளை எழுதிப் பாருங்கள் என்று சொன்னேன். அதற்கு ஓர் எல்லையும் உண்டு. வட்டத்தின் மீது புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைத்தால், வட்டம் அதிகபட்சம் எத்தனை பகுதிகளாகப் பிரியும்? ஒரு புள்ளிக்கு 1, அப்புறம் 2, 4, 8, 16. ஆறு புள்ளிகளுக்கு 32 என்று எழுதக் கை துடிக்கும். உண்மையான விடை 31. அதனால் உறுப்புகளை எழுதுவது வழியைக் காட்ட மட்டும்தான். கொடுத்த விதி அந்த வழியை உறுதிப்படுத்துகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், மேலே நான்கு முறை அனுப்பிப் பார்த்த மாதிரி. சுழலும் தொடர்வரிசையில் தொடங்கிய எண்ணே மறுபடி வந்துவிட்டால் அது போதும், ஏனென்றால் அடுத்த உறுப்பு முந்தையதை மட்டுமே நம்பியிருக்கிறது.

பின்னங்களின் நீண்ட கூடுதல் வந்தால் ஒவ்வோர் உறுப்பையும் இரண்டின் வித்தியாசமாக உடைக்க முடியுமா என்று பாருங்கள். 1/(1×3) + 1/(3×5) + … + 1/(19×21) இல் ஒவ்வோர் உறுப்பும் அடுத்தடுத்த இரு பின்னங்களின் வித்தியாசத்தில் பாதி. நடுவில் எல்லாம் அடிபட்டு, ½ × (1 − 1/21) = 10/21 மட்டும் மிஞ்சும்.

நேரத்தைப் பற்றி. இப்போதைய வடிவத்தில் சாட் (அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கான தேர்வு) கணிதப் பகுதி 44 கேள்விகள், 70 நிமிடங்கள். ஜிஆர்இ 27 கேள்விகள், 47 நிமிடங்கள். ஜிமேட் 21 கேள்விகள், 45 நிமிடங்கள். கேள்விக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சாட்டில் டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது. அங்கே தொடர்வரிசை என்ற பெயரில் கேள்வி வருவது அரிது, அதே விஷயம் நேர்கோட்டுச் சார்பாகவும் அடுக்குக்குறிச் சார்பாகவும் வேடம் மாற்றி வரும். ஜிமேட்டின் கணிதப் பகுதியில் கால்குலேட்டரே கிடையாது. அதனால் அங்கே எண்கள் பெரிதாகிக்கொண்டே போனால், பாதை தப்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்வது ஒரு நாளுக்கு ஐம்பது கணக்கு இல்லை, எட்டுப் போதும். ஆனால் தப்பான ஒவ்வொன்றுக்கும், சரியான விடையைப் படிப்பதற்கு முன், நீங்கள் எழுதிய தப்பு விடை எந்தப் படியிலிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். பெட்டியை எல்லா இடத்திலும் மாற்றவில்லையா, மதிப்பகத்தை விட்டீர்களா, படிகளுக்குப் பதில் இடங்களை எண்ணினீர்களா, கூடுதலை உறுப்பாக எடுத்தீர்களா, எதிர் விகிதத்தை மறந்தீர்களா. ஒரு நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு அல்லது மூன்று வகைக்குள் அடங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த வகைக் கணக்குகளை மட்டும் தேடி எடுத்து, முதல் வாரம் கடிகாரம் இல்லாமல், அடுத்த வாரம் கடிகாரத்தோடு போடுங்கள்.

தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன். உ(1) = 5, உ(ந + 1) = 1 − 1/உ(ந). இது எத்தனைக்கு ஒரு முறை சுழல்கிறது என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் 5க்குப் பதிலாக க என்று வைத்து, ஏன் என்று நிரூபியுங்கள்.